என் கோல் கணக்கில் இல்லை

என்னை முதன்முதலில் ஹாக்கி விளையாடும் இடத்துக்குக் கூட்டிப் போனவன் என் பெரியப்பா மகன். அதற்காக நான் அவனுக்குக் கடமைப்பட்டவள் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நினைக்கிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள். எனக்கு அந்த நினைப்பு ஒருநாளும் வந்ததில்லை. இதை எழுதும்போதும் அவன்மேல் எனக்குக் கோபம்தான் இருக்கிறது. அது ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள நான் முயன்றதும் இல்லை.

கோவில்பட்டியில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கமாக இருந்தன. அப்பா லாரி ஓட்டினார்; பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குள் குச்சி அடைக்கும் வேலைக்குப் போனாள். தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் பெயர். அவள் திரும்பி வர இருட்டிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அதுவரைக்கும் நான் பெரியம்மா பொறுப்பு. பெரியம்மாவுக்குச் சாயங்காலம் ஆயிரம் வேலை. காலுக்குள் ஒரு பிள்ளை சுற்றிக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடிக்காது. அதனால் என்னைத் தன் மகனோடு அனுப்பினாள்.

அவன் என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். எங்கள் தெருப் பையன்களுக்கு அவன்தான் கேப்டன். மற்ற ஊர்களில் பையன்கள் கிரிக்கெட் மட்டைக்கு ஏங்குகிற வயதில் எங்கள் ஊரில் ஹாக்கி மட்டைக்கு ஏங்குவார்கள். கடையில் வாங்கிய மட்டை அவனிடம் மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் உடைமரத்தில் வளைந்த கொம்பாகப் பார்த்து வெட்டி, செதுக்கி வைத்திருந்தார்கள். ரயில் பாதைக்குப் பின்னால் கிடந்த தரிசில் விளையாட்டு. ஐப்பசி மழையில் அந்தக் கரிசல் காலைப் பிடித்து இழுக்கும். சித்திரையில் வெடித்து, பந்து உள்ளே போகிற அகலத்துக்கு வாயைப் பிளந்து கிடக்கும். எப்போதும் பின்னால் வந்து நிற்கிற ஒரு சிறுமியை அந்த இடத்தில் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விரட்டினால் பெரியம்மா திட்டுவாள். சேர்த்துக்கொண்டால் பையன்கள் சிரிப்பார்கள்.

அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். என்னை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கினான்.

எல்லாத் தெருவிலும் இருந்த ஏற்பாடுதான் அது. சின்னப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட மாதிரி இருக்க வேண்டும், ஆனால் சேர்க்கக்கூடாது. அந்தப் பிள்ளை ஓடலாம், கத்தலாம், பந்தை அடிக்கலாம். அவுட் கிடையாது, தப்பும் கிடையாது. கோல் போட்டாலும் கோல் இல்லை. மற்ற வீடுகளில் ஒரு வாரம், ஒரு மாதம் இப்படி வைத்திருப்பார்கள். பிறகு பிள்ளை வளர்ந்து உண்மையான ஆட்டக்காரன் ஆகிவிடும். என்னை அவன் இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படியே வைத்திருந்தான். எனக்குப் பின்னால் வந்த பொடியன்கள்கூட என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். நான் பெண் என்பதை அவன் காரணமாகச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை.

அந்த இரண்டு வருஷமும் என்னிடம் பந்து வந்தால் யாரும் பறிக்க வரமாட்டார்கள். வழிவிட்டு நிற்பார்கள். நான் பந்தைத் தட்டிக்கொண்டு போய் எங்காவது நின்றுவிட்டால், ஒருவன் வந்து மெதுவாக எடுத்துக்கொண்டு போவான், குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குகிற மாதிரி. எனக்கு அப்படியே கடித்து வைக்கலாம் போலிருக்கும்.

ஒரு சாயங்காலம் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெருப் பையன்களோடு ஆட்டம். இரண்டு பக்கமும் சம கோல். பந்து யார் காலிலோ பட்டுத் தெறித்து என் முன்னால் வந்து விழுந்தது. என்னை யாரும் கவனிக்கவில்லை. கோல்காரன்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஓங்கி அடித்தேன். இரண்டு கல்லுக்கும் நடுவில் பந்து நேராகப் போனது. அதை விடச் சுத்தமான கோல் அன்று அந்தத் தரிசில் விழவில்லை.

அந்தத் தெருக்காரர்கள் உடனே கணக்கில்லை என்றார்கள். அது அவர்கள் நியாயம். ஆனால் என் அண்ணன் ஒரு பேச்சுக்காவது எனக்காக வாதாடுவான் என்று எதிர்பார்த்தேன். அந்தக் கோல் இருந்தால் அவன்தான் ஜெயித்திருப்பான். அவன் அவர்கள் எதிரிலேயே "அது இல்ல, அவ சும்மா" என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுக்கப் போனான். நான் பந்தின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். கோல் என்று சொன்னால்தான் தருவேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. பந்தைப் பிடித்திருந்த என் கையில் மட்டையால் அடித்தான். சுண்டுவிரல் எலும்பு உடைந்தது.

வீட்டில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவன் மறுக்கவில்லை. தெரியாமல் பட்டுவிட்டது என்றான். பெரியம்மா அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள்.

"ஆம்பளப் பிள்ளைக விளையாடுத எடத்துல நீ எதுக்குட்டி நடுவுல போயி விழுத?"

அனுப்பியதே அவள்தான் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப் போனாள். மறுநாள் அவளுக்கு வேலைக்குப் போக வேண்டும். என்னைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. மறுநாள் சாயங்காலம் கட்டுப் போட்ட கையோடு அதே அண்ணனுக்குப் பின்னால் அதே தரிசுக்குப் போனேன். அம்மாவின் நிலைமை எனக்கு இப்போது புரிகிறது. புரிந்தும் மன்னிக்க முடியாத விஷயங்கள் உண்டு. இது அதில் ஒன்று.

கையில் கட்டு இருந்ததால் மட்டை பிடிக்க முடியாது. கோல் கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். முதல் இரண்டு மூன்று நாள் மண்ணாங்கட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வேறு வழியில்லாமல் ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆட்டத்தைப் பார்த்தேன் என்பதுகூடப் பொய். அவனை மட்டும்தான் பார்த்தேன். அவன் எங்கே தப்புச் செய்கிறான் என்று பார்த்தேன்.

அவன் நிறையச் செய்தான். பந்து வெடிப்புக்குள் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்தி, முதலில் "குழி" என்று கத்துகிறவர்களுக்குப் பந்து என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். அவன் பந்து விழுவதற்கு முன்பே கத்துவான். தோற்கிற ஆட்டத்தில் பந்தை வேண்டுமென்றே பெரிய வெடிப்பாகப் பார்த்துத் தள்ளிவிடுவான். ஹாக்கியில் பந்து காலில் பட்டால் தப்பு; மட்டையால் நிறுத்த முடியாத பந்தைக் காலால் நிறுத்திவிட்டு, உடம்பைத் திருப்பிக் காலை மறைத்துக்கொள்வான். அதை அவ்வளவு அழகாகச் செய்வான். எதிரே நிற்பவனுக்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியும்.

ஒருநாள் அவன் அப்படி நிறுத்தியபோது, எனக்கே தெரியாமல் என் வாயிலிருந்து வந்துவிட்டது. "கால்" என்று கத்தினேன்.

ஆட்டம் நின்றது. அவன் திரும்பிப் பார்த்தான். அவள் சொல்வதெல்லாம் கணக்கில் கிடையாது என்றான். எதிர்த் தெருவின் பெரிய பையன் ஒருவன், கறுத்து உயரமாக இருப்பான், மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தான்.

"ஏலே, அவ ஒங்க வீட்டுப் பிள்ளதானல. அவளே சொல்லுதா. பொறவு எங்களுக்கு என்ன?"

பந்து அவர்களுக்குப் போனது. அன்று என் அண்ணன் தோற்றான். வீட்டுக்குப் போகும் வழியில் என் பின்மண்டையில் தட்டினான். எனக்கு வலிக்கவே இல்லை. அதுவரை என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை.

அதற்குப் பிறகு நான் கத்துவதை நிறுத்தவில்லை. மண்ணாங்கட்டியை எறிந்தார்கள். ஒருநாள் என் செருப்பைத் தூக்கி முள்ளுக்குள் போட்டார்கள். ஆனால் சண்டை வந்தால், இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றால், யாராவது ஒருவன் அந்தப் பிள்ளையைக் கேட்போம் என்பான். நான் நேர்மையானவள் என்று அவர்கள் நினைக்கவில்லை. என் தெருவுக்காக நான் பொய் சொல்லமாட்டேன் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும். அடுத்த தெருவுக்காகப் பொய் சொல்ல எனக்குக் காரணம் இல்லை. அப்படித்தான் என் சொல்லுக்கு அங்கே மதிப்பு வந்தது. வெறுப்பிலிருந்து வந்த மதிப்பு அது. வேறு பெயர் சொல்லி அதை அழகுபடுத்த எனக்கு விருப்பமில்லை.

கடைசியில் அவன் இறங்கி வந்தான். பம்பரம் வாங்கித் தருகிறேன், மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்று பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் வாசலில் வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"நாளைல இருந்து நீ நெசமான ஆளு. கோல் போட்டா கணக்கு. ஆனா வாயத் தொறக்கக்கூடாது. சரியா?"

விரல் கோணலாகக் கூடியிருந்தது. மட்டையைப் பிடிக்க முடிந்தது. நான் சரி என்றேன்.

மறுநாள் உண்மையான ஆளாக இறங்கினேன். பந்து என்னிடம் வந்தது. எப்போதும்போலத் தட்டிக்கொண்டு ஓடினேன். நாலு அடிகூடப் போகவில்லை. என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் குறுக்கே வந்து பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுபடியும் வந்தது, மறுபடியும் பறித்தார்கள். அந்த ஒரு சாயங்காலத்தில் என்னிடமிருந்து எல்லோரும் பறித்தார்கள். பந்தை ஒளிக்க எனக்குத் தெரியவில்லை. உடம்பை வளைக்கத் தெரியவில்லை. எதிரே ஒருவன் வரும்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாக என்னை யாரும் எதிர்த்ததே இல்லை, எப்படித் தெரியும்? மற்ற பையன்கள் தினமும் தடுக்கி விழுந்து, முழங்கால் தேய்ந்து, பந்தைப் பறிகொடுத்துப் படித்ததை நான் படிக்கவே இல்லை. எனக்கு வழிவிட்டு வழிவிட்டே என்னை ஒன்றுமில்லாதவளாக ஆக்கியிருந்தார்கள்.

விரல் உடைந்தபோது நான் அழவில்லை. அன்று அழுதேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாவமாகப் பார்த்தான். அடுத்த நாள் நானே கோல் கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிஷத்தில் அவன் காலால் நிறுத்தியதைப் பிடித்துக் கொடுத்தேன்.

பிள்ளைகள் விளையாடினால் கற்பனை வளரும், கூடி வாழும் குணம் வளரும் என்று இப்போது கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். நானும் உடற்கல்வி ஆசிரியை. நானும் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். விளையாட்டு ஆளை உருவாக்கும் என்பது உண்மைதான். என்னவாக உருவாக்கும் என்று அவர்கள் சொல்வதில்லை. என் அண்ணனை அது முந்திக் கத்துகிறவனாக ஆக்கியது. வெடிப்பு எங்கே இருக்கிறது, அதை எப்படித் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்று கண்டுபிடிக்கிற மூளையைக் கொடுத்தது. கற்பனைத் திறன் என்றால் அதுவும் கற்பனைத் திறன்தான். என்னை அது கால்களைப் பார்க்கிறவளாக ஆக்கியது. கல்லூரியில் உடற்கல்வி படித்தபோது எந்த அணியிலும் எனக்கு இடம் கிடைக்கவில்லை. நடுவர் தேர்வு எழுதினேன். முதல் தடவையிலேயே தேறினேன். வீட்டில் என் மகள் என்னோடு கேரம் விளையாடமாட்டாள். ஒரு காய் போடுவதற்குள் மூன்று தப்புச் சொல்கிறேனாம். என் கணவர் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது, அங்கே போய் யாரையும் பார்த்துக்கொண்டே உட்காராதே என்று சொல்லித்தான் கூட்டிப் போவார். இதுவும் விளையாடி வந்ததுதான்.

அவன் வளர்ந்து பெரியப்பாவின் கடையை எடுத்து நடத்தினான். நிலம் வாங்கி விற்றான். அதோடு சின்னப் பையன்களுக்கு ஹாக்கிப் பயிற்சி கொடுக்கிற ஒரு அணியையும் ஆரம்பித்தான். அதில் அவனுக்குப் பேர் வந்தது. அவனிடம் பழகிய பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். அதை இல்லையென்று சொல்ல முடியாது. அதிகாலையில் அவனே போய் வீட்டுக் கதவைத் தட்டிப் பையன்களை எழுப்புவான்.

சில வருஷங்களுக்கு முன் கோடை விடுமுறையில் எங்கள் ஊரில் ஒரு போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் அவன் அணியும் பசுவந்தனைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட அணியும் மோதின. இரண்டு நடுவர்களில் நான் ஒருத்தி. போட்டி நடத்தியவர்கள் அவனிடமே போய், அண்ணாச்சி, உங்கள் தங்கச்சி நடுவராக நிற்பதில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் சந்தோஷமாகச் சம்மதித்திருக்கிறான். ஊரறியத் தங்கச்சி தனக்கு எதிராக ஊதமாட்டாள் என்று அவன் நினைத்தது எனக்கு அப்போதே தெரியும்.

கடைசி நிமிஷங்கள் வரை சமமாகத்தான் போனது. என் பக்கத்துப் பாதியில், கோலுக்கு முன்னால் உள்ள வளையத்துக்குள், அவன் அணிப் பையன் ஒருவன் வேகமாக வந்த பந்தை வாங்கினான். பந்து மட்டையில் படவில்லை. இடது காலின் உள்பக்கத்தில் பட்டது. உடனே உடம்பைத் திருப்பிக் காலை மறைத்து, சுழன்று அடித்தான். கோல். கூட்டம் எழுந்து கத்தியது. அந்தத் திருப்பலை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பையன் பிறப்பதற்கு முன்பே அது எனக்குத் தெரியும்.

விசில் ஊதினேன். காலைத் தூக்கித் தொட்டுக் காட்டினேன். கோல் இல்லை, எதிரணிக்குப் பந்து.

அவன் தன் இடத்திலிருந்து எழுந்து நேராக மைதானத்துக்குள் வந்தான். பயிற்சியாளர் உள்ளே வரக்கூடாது. மற்ற நடுவர் தடுத்துப் பார்த்தார். அவன் என் முகத்துக்கு எதிரே வந்து நின்றான். கூட்டம் அடங்கிவிட்டது. அவன் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"ஏட்டி, அன்னைக்கும் நீ ஒப்புக்குச் சப்பாணி, இன்னைக்கும் ஒப்புக்குச் சப்பாணிதான். ஒரு நாளாவது நேரா ஒரு பந்தக் கொண்டு போயிருக்கியா?"

அவனை நான் அதுவரை 'நீ' என்றுதான் பேசியிருந்தேன். அன்று மாற்றிச் சொன்னேன்.

"வெளிய போங்க. போகலைன்னா ஆட்டத்த நிறுத்திருவேன்."

மஞ்சள் அட்டையை எடுத்து அவன் முன்னால் நீட்டினேன். அவன் போனான். கொஞ்ச நேரத்தில் எதிரணி ஒரு கோல் போட்டு ஜெயித்தது.

அதற்குப் பிறகு அவன் அணி ஆடும் எந்த ஆட்டத்துக்கும் என்னை நடுவராகப் போடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தான். அது நியாயம்தான், முதலிலேயே போட்டிருக்கக் கூடாது. ஆனால் உள்ளூரில் எந்தப் போட்டியிலும் என்னை யாரும் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டான். வெளியூர் ஆட்டங்களுக்குத்தான் போனேன். கூடப் பிறந்த அண்ணன் தம்பி எனக்குக் கிடையாது. வருஷா வருஷம் அவன்தான் பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல்படி கொண்டுவந்து தருவான். கரும்பும் கிழங்கும் பச்சரிசியும் வைத்துவிட்டு, வாசலிலேயே நின்று காபி குடித்துவிட்டுப் போவான். அது நின்றது. அம்மா என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதாள். பிறந்த வீடு என்று உனக்கு இனி எது இருக்கிறது, ஒரு பந்துக்காக அதையும் அடைத்துக்கொண்டாயே என்றாள். பந்து காலில் பட்டது என்றேன். பட்டால் என்ன என்று கேட்டாள். அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொன்னால் அவளுக்கு எட்டாது என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் எங்கள் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குச் சொல்லாமல் முடிவானது. அதற்குள் பெரிய ஆட்டங்களுக்கெல்லாம் என்னை நடுவராகக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்; உள்ளூர்ப் பேப்பரில் படம் வந்திருந்தது. அவன் மேடையில் மைக்கைப் பிடித்து, விளையாட்டு பிள்ளைகளை எப்படிச் செதுக்குகிறது என்று பேசினான். நன்றாகப் பேசினான். கடைசியில் என்னைக் கை காட்டினான். இந்த டீச்சர் என் தங்கச்சி, இவள் கையைப் பிடித்து முதன்முதலாக மைதானத்துக்குக் கூட்டிப் போனவன் நான், அன்று நான் விளையாட விட்டதால்தான் இன்று இந்த உயரத்தில் நிற்கிறாள் என்றான். பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

நன்றியுரை என் பொறுப்பு. எழுதி வைத்திருந்த தாளை மடித்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் நின்றேன். அவர் சொன்னது பாதி சரி என்றேன். கூட்டிப் போனார், ஆனால் விளையாட விடவில்லை என்றேன். இரண்டு வருஷம் ஒப்புக்குச் சப்பாணியாக வைத்திருந்ததையும், நான் போட்ட கோலைக் கணக்கில் சேர்க்காததையும், விரலை உடைத்ததையும் சொன்னேன். கையைத் தூக்கிக் கோணல் விரலைக் காட்டினேன். இதற்கெல்லாம் சேர்த்து அவருக்கு நன்றி என்று முடித்தேன்.

தலைமை ஆசிரியை தரையைப் பார்த்தார். அப்போது அவன் நாற்காலியிலிருந்தபடியே பலமாகச் சிரித்தான்.

"பாத்தியளா, எங்க வீட்டு ரத்தம். இன்னும் அந்தச் சண்டைய விடலை."

எல்லோரும் அவனோடு சேர்ந்து சிரித்தார்கள். அண்ணன் தங்கைச் செல்லச் சண்டை என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் கைதட்டினார்கள். நான் மேடையில் முட்டாள் மாதிரி நின்றேன். அவன் மறுபடியும் எனக்கு முந்திக் "குழி" என்று கத்திவிட்டான்.

அவன் காரில் ஏறப் போகும்போது போய்ப் பிடித்தேன். சுற்றி ஆள் இல்லை. என்னை வைத்து எதற்குப் பெருமையடித்துக்கொள்கிறாய் என்று கேட்டேன். இப்போது அவன் சிரிக்கவில்லை. கார்க் கதவில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினான்.

"யோசிச்சுப் பாரு. அன்னைக்கு ஒன்ன உள்ள விட்டிருந்தா என்னவா ஆயிருப்ப? நாலு வருசம் ஆடியிருப்ப, கல்யாணம் ஆனதும் மட்டையப் போட்டிருப்ப. வெளிய உக்கார வச்சதாலதான் ஒனக்கு அந்தக் கண்ணு வந்துச்சு. அத நான்தான் குடுத்தேன்."

"குடுக்கல. என்கிட்ட இருந்து ஒண்ணப் பறிச்ச. அதுக்குப் பதிலா இத நானா தேடிக்கிட்டேன். எது வேணும்னு நான்தான் முடிவு பண்ணியிருக்கணும்."

அவன் காரில் ஏறிப் போனான். அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதுதான் என்னை இன்னும் எரிய வைக்கிறது.

அந்த விழாவுக்குப் பிறகு என் வகுப்பில் ஒன்றை மாற்றினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் மெலிந்த பிள்ளை, குண்டான பிள்ளை, பயந்த பிள்ளை எல்லாரையும் ஆட்டத்தில் ஓரமாக ஓடவிடுவது வழக்கம். பந்து அவர்களிடம் போனால் மற்றவர்கள் வழிவிடுவார்கள். அது அன்பு என்று ஆசிரியர்களும் நினைத்தார்கள். நான் அதை ஒழித்தேன். யாரிடம் பந்து இருந்தாலும் போய்ப் பறிக்க வேண்டும். வழிவிட்டு நிற்கிறவனை வெளியே உட்கார வைப்பேன் என்று சொல்லிவிட்டேன். முதல் வாரம் நிறைய அழுகை. இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு ஒல்லிப் பெண், பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். அவளிடமிருந்து அரை மணி நேரம் எல்லோரும் பறித்துக்கொண்டே இருந்தார்கள். முழங்கை சிராய்ந்துவிட்டது. அவள் எழுந்து என்னைப் பார்த்த பார்வையில் என்னைக் கொன்றுபோடுகிற ஆத்திரம் இருந்தது. நான் விசிலை வாயில் வைத்து ஆட்டத்தைத் தொடரச் சொன்னேன்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். மில் வேலையை அரை நாள் விட்டுவிட்டு வந்திருந்தார். பிள்ளைகளை விட்டுப் பிள்ளையை அடிக்கச் சொல்கிறீர்களாமே என்று மைதானத்திலேயே சத்தம் போட்டார். அடிக்கச் சொல்லவில்லை, பந்தைப் பறிக்கச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் ஒரே பிள்ளை, மூச்சு வாங்கும், ஓரமாக நின்று விளையாடினால் போதும் என்றார். நான் டாக்டர் சீட்டு இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் அவள் நடுவில்தான் ஆடுவாள் என்றேன்.

"நீங்களும் ஒரு பொம்பளதான? ஒங்களுக்கு ஈரமே கெடையாதா?"

கிடையாது என்று சொன்னேன். அவர் நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போனார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய முறைக்கே திரும்பும்படி சொல்வார்கள் என்று நினைக்கிறேன். நான் திரும்பப் போவதில்லை. அந்தப் பெண் இரண்டு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. மட்டைகள் கிடக்கிற அறைக்குள் போய், இருப்பதில் கனமான ஒன்றை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு இறங்கினாள்.